ஏழு பனிமனிதர்கள்

பினாங்கில் பனி விற்கப் போனவனுக்கு முதல்கூடத் தேறாது. புஷ்பராணி டீச்சர் மட்டும் இந்த ஏப்ரல் வெயிலிலும் விற்றுவிட்டார். பாலர் பள்ளித் தரையில் ஏழு பிள்ளைகள் பனிமனிதர்களாக மல்லாந்து கிடக்கிறார்கள். கழுத்துவரை வெள்ளைத் தாள், அதன்மேல் பஞ்சு. அசைந்தால் பனி உருகிவிடும் என்று டீச்சர் சொன்னதால் கண்ணையும் மூடியிருக்கிறார்கள். அவர் திரும்பி உட்கார்ந்து தொப்பி வெட்டுகிற நேரத்தில், மிஞ்சிய பஞ்சை ஒருவன் மூக்கில் அடைக்க, மற்றவர்களும் அடைத்துக்கொண்டாயிற்று. மேலே விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது.

மகனைக் கூட்டிப்போக வந்த மைமூன் வாசலில் நிற்கிறாள். கைக்குடை நழுவி விழுகிறது. 'ஹமீது' என்று மட்டும் வாயிலிருந்து வருகிறது.

"வாங்கக்கா, பாருங்க லா! உங்க ஹமீதுதான் ஆக நல்ல பனிமனுசன்" என்கிறார் டீச்சர், தொப்பியிலிருந்து கண்ணெடுக்காமல்.

மைமூன் பாய்ந்து மண்டியிட்டு மகன் மூக்கிலிருந்து பஞ்சைப் பிடுங்குகிறாள். அவன் தும்முகிறான். "உம்மா, நான் இன்னும் உருகலையே!"

அவள் கை நிற்கவில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு நகர்கிறது. "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மூக்குல பஞ்சு வைப்பாங்களா டீச்சர்?"

டீச்சர் அப்போதுதான் வரிசையைப் பார்க்கிறார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, மறுகோடியில் மண்டியிட்டு, அவரும் பிடுங்கத் தொடங்குகிறார்.