பரியாரியார் கேட்ட மருந்து

யசிந்தாவின் கைக்குழந்தையின் வாயை அச்சுவேலி நாட்டு வைத்தியரான பரியாரியார் மார்க்கண்டு திறந்து பார்த்தார். நாக்கை மூடியிருந்த வெள்ளைப் பூஞ்சைப் புண் முழுதாக ஆறியிருந்தது.

“என்ரை எண்ணெயோடை ஆசுப்பத்திரி மருந்தும் பூசினனியோ?”

“இல்லை, ஐயா.”

“உண்மையைச் சொல்லு, பிள்ளை.”

அவள் தலைகுனிந்தாள். “ஓம். மருந்தை மட்டும் பூசப் புண் அசையேல்லை. உங்கடை எண்ணெய்க்கும் மாறேல்லை. ரெண்டையும் சேர்த்துப் பூசின பிறகுதான் பால் குடிக்குது. நீங்கள் ஏசுவியள் எண்டு மறைச்சனான்.”

அவர் ஏசவில்லை. “அந்த மருந்து மிச்சம் இருக்கோ?”

“முடிஞ்சுது. பொருளாதாரத் தடையாலை இப்ப ஆசுப்பத்திரியிலையும் இல்லையாம். ஆருக்கு, ஐயா?”

“என்ரை பேரனுக்கும் உந்தப் புண்தான். பால் குடிக்கிறானில்லை. மகள் வாங்கிவந்த மருந்தைப் போன கிழமை நான்தான் முற்றத்திலை ஊத்தினனான்.”