மஸ்கட்டுக்குப் போன புகார்கள்

"வேல்ராசு தம்பி, சொல்லுதேன்னு வருத்தப்படாத. ஒம் மவ இன்னிக்கும் ஒம்பதரைக்குத்தான் எந்திச்சா. பல்லு தேய்க்கையிலயும் கையில போனு. இவ காலேஜுக்குப் போயி என்னத்தப் படிக்கப்போறா?"

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ரகசியமாகப் பேசி முடித்த பார்வதியம்மாள், விரலை எடுத்தாள். வாட்ஸ்அப்பில் குரல் பறந்தது. சற்று நேரத்தில் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மஸ்கட்டில் போர்மேனாக இருப்பவனுக்கு அதற்குமேல் ஏது நேரம்!

தாராவியின் அந்தச் சந்தில் பார்வதியம்மாளை வம்புக்காரி என்பவர்கள் உண்டு. அநியாயம். எதிர்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது தானாகக் காதில் விழுந்தால் அவள் என்ன செய்வாள்?

வேல்ராஜுக்கு அவள் அருமை தெரியும். மஸ்கட்டில் பன்னிரண்டாவது முடித்த மகள் சாதனாவை எதிர்வீட்டில், தன் தங்கை கீதாவிடம் விட்டுவிட்டு விமானத்துக்கு ஓடும் அவசரத்திலும் பார்வதியம்மாளிடம் வந்து நின்றான்.

"அக்கா, இவ மாட்டுங்கா காலேஜ்லதான் சேருவேங்கா. கீதா வேலைக்குப் போயிருவா. பதினஞ்சு நாள் பாத்துட்டு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த ஊரு இவளுக்குச் சரிப்படாதுன்னா பாளையங்கோட்டையில ஹாஸ்டல்தான். சாயங்காலம் ஆறு மணிக்கே கேட்டப் பூட்டிருவாங்க."

நம்பர் கொடுக்க மறந்துவிட்டான். அதனாலென்ன? சாதனாவோடு வந்திறங்கிய அட்டைப்பெட்டி கீதா வீட்டு வாசலில்தான் கிடந்தது. நைலான் கயிறு கட்டி, கறுப்பு மார்க்கரில் பேர், ஊர், மஸ்கட் நம்பர் எல்லாம் கொட்டை எழுத்தில். பார்வதியம்மாள் செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்து குறித்துக்கொண்டாள்.

முதல் புகார் போன மறுநாளே அதிசயம். ஆறு மணிக்கு சாதனா குழாயடியில் குடத்தோடு நின்றாள். "குட் மார்னிங், ஆன்ட்டி!"

அன்றைய செய்தி: "எந்திச்சுட்டா. அதையும் சொல்லணும்லா. ஆனா என்னைய ஆன்ட்டிங்கா, தம்பி! நான் என்ன அவளுக்குக் கான்வென்ட் டீச்சரா?"

அடுத்த நாள், "அத்தே, சாப்ட்டாச்சா?" என்றது பெண். முழங்கால் தெரிகிற டவுசரைப் பற்றி மஸ்கட்டுக்குச் சொன்னாள் பார்வதியம்மாள்; மறுநாள் சுடிதார் வந்தது. தன் காற்று பட்டே ஒரு பெண் திருந்துகிறாள் என்று பார்வதியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள், "காலேஜப் பாத்துட்டு வாரேன்னு போனவ, சயான் ஸ்டேஷன்ல லேடீஸ் டப்பாவுல ஏறப் பயந்து மூணு ட்ரெயின விட்டுட்டா. நான் சும்மா காத்தாட பிளாட்பாரத்துல நின்னேன், கண்ணுல பட்டுச்சு" என்று அனுப்பினாள்.

மறுநாள் காலையிலேயே சாதனா வந்துவிட்டாள். "அத்தே, எனக்கு ட்ரெயின்ல ஏறக் கத்துக்குடுங்களேன்."

"பையத் தோள்ல போடாத, நெஞ்சுல மாட்டு. கதவுகிட்ட நின்னு யோசிக்கப்படாது. பின்னால வாரவ தள்ளுவா, அதுலயே உள்ள போயிரலாம்."

சயானிலிருந்து மாட்டுங்கா ஒரே ஸ்டேஷன். அதற்குள் பார்வதியம்மாள் இரண்டு பேரோடு சண்டையும் ஒருத்தியோடு சிநேகமும் பிடித்திருந்தாள்.

இறங்கி நடந்து காலேஜ் வாசலுக்கு வந்ததும் சாதனா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மஸ்கட் ஸ்கூல்ல என்னைய 'பாம்பே'ன்னு கூப்பிடுவாங்க, அத்தே. லீவுக்கு இங்க வந்தா 'மஸ்கட்'. இங்க மொத நாள் எல்லாருமே புதுசுல்லா? யாரும் யாரையும் எந்த ஊருன்னு சொல்லி ஒதுக்க முடியாது. கேன்டீன் எங்க இருக்குன்னுகூடப் போன்ல பாத்து வச்சிருக்கேன்."

"மொத க்ளாஸ் ரூமு எங்கன்னு பாருட்டி" என்றாள் பார்வதியம்மாள். முந்தானையால் பெண்ணின் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். சந்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று மாலை கடைசிச் செய்தி போனது.

"தம்பி, ஒம் மவ தங்கம். இவள அந்த ஆறு மணிப் பூட்டுக்குள்ள போட்டேன்னா என் மூஞ்சில முழிக்காத. காலேஜுல சேத்துவிடு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டே நாளில் வேல்ராஜ் கீதாவுக்கு போன் போட்டு, காலேஜில் சேர்த்துவிடச் சொல்லிவிட்டான். கீதா வீட்டுக் கதவு திறப்பதற்குள் சந்து முழுக்கச் செய்தியைச் சொல்லி முடித்திருந்தாள் பார்வதியம்மாள்.

சாதனா கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய மைசூர்பாகு டப்பாவோடு வந்தாள்.

"பாத்தியாட்டி, என் பேச்சுக்கு மஸ்கட்ல இருக்குற மரியாதைய! நான் சொன்ன அம்புட்டையும் ஒங்கப்பா ஒண்ணு விடாமக் கேட்டான்லா?"

சாதனா ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் ஊட்டினாள்.

"நாந்தான் கேட்டேன், அத்தே. பெட்டியில இருந்தது என்னோட மஸ்கட் நம்பரு. அப்பாவுக்கு அந்தக் கடைசி ஒண்ண மட்டும்தான் அனுப்பி வச்சேன்."