ஆடாமல் நின்ற ஸ்டூல்

பள்ளிக்கூடத்தில் தேசபக்திப் பேச்சு, கவிதைப் போட்டி முடிந்ததும் தலைமையாசிரியர் நன்றியுரை சொன்னார். நடுவர்கள், பந்தல்காரர், டீ கொடுத்தவர், மைக்செட்காரர் என்று ஒருவரையும் விடவில்லை.

“உன்னைத்தான் விட்டுட்டார்” என்றது மைக்.

“இருக்கட்டும்” என்றது பக்கத்தில் இருந்த ஸ்டூல். “ஒண்ணாங்கிளாஸ் முத்தரசிக்கு நீ எட்டலை. என் மேல ஏறி நின்னுதான் கவிதை சொன்னா. என் நொண்டிக்கால் ஆடி அவளுக்கு வரி மறந்துடுமோன்னு பயந்தேன். நல்லவேளை, ஆடலை. அது போதும் எனக்கு.”

கூட்டம் கலைந்தது. பரிசாகக் கிடைத்த டிபன் பாக்ஸோடு வாசல்வரை போன முத்தரசி திரும்பி ஓடிவந்தாள்.

“உன்னை மிதிச்சுட்டேன்ல” என்று ஸ்டூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கால் ஆடியது.