சிறப்புத் திறப்பு

"ஏம்ப்பா, பை எல்லாம் நல்லாத்தானே இருக்கு? எதுக்குக் கடையை மூடுறீங்க?"

முதல் வாடிக்கையாளர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். பைக்காரன் அடுக்கிக்கொண்டிருந்த பையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தான். கடையைத் திறந்தே அரை மணி நேரம்தான் ஆகிறது!

"மூடலைங்க, இன்னைக்குத்தான்..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் மனைவி குறுக்கே வந்தாள்.

"காலம் அப்படி இருக்கே, அக்கா. உங்களுக்கு எந்தக் கலர் எடுக்கட்டும்?"

அவன் வேலை பார்த்த பை கம்பெனியை இழுத்து மூடியபோது, "இந்த மந்தத்துல எவனாவது கடை வைப்பானாடா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். வெளியூரில் ஒரு வாட்ச்மேன் வேலையும் பேசி வைத்துவிட்டார். கடை ஓடவில்லை என்றால் மனைவியையும் மகளையும் இங்கேயே விட்டுவிட்டு அவன் கிளம்ப வேண்டியதுதான். மகள் முகத்தை எப்போதாவது லீவில்தான் பார்க்க முடியும்.

அந்தப் பயத்திலும் 'இன்று கடை சிறப்புத் திறப்பு' என்று ஆசையாக ஒரு நீளப் பேனர் அடித்து வாங்கியிருந்தான். கட்டப் போனவனை, "நீங்க உள்ளே பையை அடுக்குங்க, அதை நான் பார்த்துக்கறேன்" என்று காலையில் மனைவி விரட்டிவிட்டாள்.

அடுத்து தபால்காரர் வந்தார். இரண்டு பை எடுத்தார்.

"மனசைத் தளர விடாதே தம்பி. வேற வழி பொறக்கும்."

'உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா சார்?' என்று கேட்க அவனுக்கு நாக்கு துடித்தது. கேட்க விட்டால்தானே? பின்னாலேயே டீச்சர் ஒருவர், பிள்ளைகளோடு ஒரு அம்மா, பக்கத்துத் தெரு முடிதிருத்துபவர். கொஞ்ச நேரத்தில் கடைக்குள் எள் போட்டால் எள் விழாது!

"பாவம், போற நேரத்துல பேரம் பேசக் கூடாது" என்று ஒரு பெரியவர் சொன்ன விலைக்கே வாங்கிப் போனார். ஊர் வாய் இப்படியா இருக்கும் என்று அவனுக்கு ஒரே எரிச்சல். கல்லாவை விட்டு நகர முடியவில்லை. நகரப் பார்த்தாலும் மனைவி விடவில்லை.

சாயங்காலம் அலமாரி காலி. அண்ணனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அந்த வாட்ச்மேன் வேலையை வேற யாருக்காவது சொல்லிடுங்க. நான் எங்கேயும் போகலை."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. காத்து வாங்கலாம் என்று தெருவில் இறங்கி, முதல் முறையாகத் தன் கடையை நிமிர்ந்து பார்த்தான்.

'இன்று கடைசி'.

பேனரின் மீதி தூணைச் சுற்றிச் சந்துப் பக்கம் மடங்கி, 'றப்புத் திறப்பு' என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே! காத்துல மடங்கிப் போச்சு போல. இரு, அவிழ்த்து நேரா கட்டுறேன்."

உள்ளேயிருந்து மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ, கை வைக்காதீங்க! சரியா அந்த 'சி'யோட நிக்கிற மாதிரி மடிச்சுக் கட்ட, காலையில நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"