உமிக்குள் முளை

பார்லியின் முளை உமியை விட்டு வெளியே வருவதற்குள் சூட்டில் வாட்டிவிட வேண்டும்; வந்துவிட்டால் பீருக்கு ஆகாது. மணி மாவாகக் குழையும் அந்தப் பதத்தை விரலால் நசுக்கிப் பார்த்துச் சொல்ல ஆலையில் விஞ்ஞானி பிலோமினா ஒருத்திதான். அவள் உணவு வேதியியல் படித்ததோ, சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்லிக் கஞ்சி கண்டுபிடிக்க. மருத்துவமனையில் அந்த வேலையே கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"இந்தத் தொட்டியை மட்டும் பார்த்துக் குடுத்துட்டுப் போம்மா. உன் விரல் மாதிரி வருமா?" என்றார் மேலாளர்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க சார்."

"பார்லி நம்மளக் கேட்டுட்டா முளைக்குது?" என்று சிரித்தார்.

பிலோமினா ஒரு மணியை எடுத்து நசுக்கினாள். மாவாகக் குழைந்தது. விரலை ஆய்வகக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆகலை சார். நாளைக்குப் பார்க்கலாம்."

அவர் நம்பித் தலையாட்டினார். தொட்டி நிறைய, முளைகள் உமியை முட்டிக்கொண்டிருந்தன.