சைக்கிள் போட்ட கணக்கு

“எவ்வளவு எரிஞ்சிருக்கு?” சமையலறையிலிருந்தே மனைவி கேட்டாள்.

உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தவர் திரையைப் பார்த்தார். “அறுபது கலோரி.”

“போதும், இறங்குங்க.”

“தொப்பையைக் கரைங்கன்னு இதை என் தலையில கட்டினதே நீதானே? இப்ப இறங்குன்னா எப்படி?”

ஊரிலிருந்து வந்திருந்த மகள் திரையைத் தட்டிப் பார்த்தாள். “அப்பா, இது எடையை வச்சுதான் கணக்குப் போடும். இன்னும் எண்பத்தாறு கிலோன்னே இருக்கு. இப்ப உள்ளதைப் போட்டா இதுல பாதிகூட வராது.”

“அதானே பார்த்தேன். மிஷினும் எனக்கு ஜால்ரா போடுது.”

மனைவி டம்ளர் நிறையப் பாலோடு வந்தாள். “எரிஞ்சது இதுல திரும்ப வந்துடும். குடிங்க.”

இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. சுவரைப் பிடித்தபடி படுக்கைக்குப் போனார்.

அன்று காலையில் ஆஸ்பத்திரித் தராசு காட்டியிருந்தது நாற்பத்தொரு கிலோ. “இனிமே மருந்து வேண்டாம். அவர் ஆசைப்படுறதைச் செய்யட்டும்” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“எடையை மாத்திடவாம்மா?” திரையில் விரல் வைத்தாள் மகள்.

அம்மா அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

“விடுடி. இது ஒண்ணாவது அவரைப் பழைய ஆளாவே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்.”