வாத்து வரைந்த காவலன்

கோழிக்கூட்டுக் கதவில் வாத்து கரித்துண்டால் ஒரு படக்கதை வரைந்தது. கோழிகளின் ஓயாத சண்டையைத் தீர்க்க ஒரு நரி காவலுக்கு வருவதுதான் கதை. கடைசிக் கட்டத்தில் கூடு முழுக்க வெறும் இறகுகள். நடுவில் பானை வயிற்றோடு நரி தூங்குகிறது. கீழே, "இப்போது இங்கே சண்டையே இல்லை" என்று எழுதியிருந்தது.

"ஆகா, என்ன ஒரு அமைதி!" என்று உருகியது வெள்ளைக்கோழி. "நமக்கும் இப்படி ஒருத்தர் வேணும்டி."

"அடியே, அது கிண்டல்! அந்த இறகெல்லாம் யாருடையதுன்னு பாரு!" என்று கத்தியது வாத்து.

"வரைஞ்சா மட்டும் போதுமா? கதையும் புரியணும்" என்று சேவல் வாத்தையே மடக்கியது.

காட்டு நரிக்கு அழைப்பு போனது. அது வந்த அன்று கோழிகள் மாலையோடு வரிசையில் நின்றன. வாத்து சிறகால் கண்ணைப் பொத்திக்கொண்டது.

உள்ளே நுழையப்போன நரி, கதவில் இருந்த கதையைப் படித்தது. கடைசிக் கட்டத்தில் அதற்கு வியர்த்துவிட்டது.

"என் திட்டம் மொத்தமும் இங்கே இருக்கு! இதைப் படிச்சுட்டும் கூப்பிடுறாங்கன்னா, உள்ளே நாய்தான் நிக்குது!"

நரி ஓடியே போய்விட்டது.

"தங்கமான மனுஷன், ஏன் போயிட்டார்?" என்று கண்கலங்கியது வெள்ளைக்கோழி.

வாத்து அப்பாடா என்று உட்கார்ந்தது. "ஒருத்தராவது ஒழுங்காப் படிச்சாரே!"